தேதி இல்லண்ணே!

வாய்யா மாப்ள, உக்காரு. பாலத்துக்குக் கீழ நிழல் இருக்கு, பருத்திப்பால் சூடா இருக்கு, பஸ்ஸு இப்போதைக்கு வராது. பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் பேசப் போறயாம்ல? ஊர்க் கமிட்டிப் பொருளாளரு! ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறப்பவே தெரியுது, அட்வான்ஸ் பணம் எந்தப் பையில இருக்குன்னு. காளவாசல் சிக்னல்ல நிக்கிற பிக்பாக்கெட்டுக்கெல்லாம் நீயே தந்தி அடிச்சிருவ போல.

எங்க, அந்தக் கணக்கு நோட்டைக் காட்டு. ம்... மைக்செட்டு. சீரியல் லைட்டு. ஜெனரேட்டரு. வாணவேடிக்கை. ஃப்ளெக்ஸு. ஃப்ளெக்ஸுல எத்தன தலை? நாப்பத்தி மூணா? அம்மன் எங்க? ஓரத்துலயா? சரி, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, இடம் குடுத்ததே பெருசு. கடைசி வரி என்ன? ‘வள்ளி திருமணம் நாடகம், குறைச்சுப் பேசவும்.’ அடடா! மத்த எதுக்கு நேராவும் இந்த ‘குறைச்சுப் பேசவும்’ இல்லையே மாப்ள? வாணக்காரன்கிட்ட பேரம் பேசுனா திரியை நம்ம பக்கம் திருப்பி வச்சிருவான்னு பயம். நாடகக்காரன்கிட்ட என்ன பயம்? அவன் கையில இருக்கிறது அட்டைக் கத்தி.

சரி, குறைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்ட. நல்ல ஆள்கிட்டதான் வந்திருக்க. நாப்பது வருசம் இந்தத் தொழில்ல இருந்தவன் நானு. நாடகத் தொழில்ல இல்ல மாப்ள, குறைக்கிற தொழில்ல. அஞ்சு யோசனை சொல்றேன், வேட்டியில முடிஞ்சு வச்சுக்க.

மொத யோசனை. காசைப் பத்திப் பேச்சே எடுக்காத, கலையைப் பத்திப் பேசு. ‘அண்ணே, இது என்ன தொழிலா, தெய்வீகமில்லையா! சங்கரதாஸ் சுவாமிக காசுக்கா எழுதுனாரு?’ன்னு ஆரம்பி. சுவாமிக யாருன்னு ஒனக்குத் தெரியுமா? தமுக்கத்துல சிலையா நிக்கிறாரே, அவருதான். 1867-ல தூத்துக்குடியில பெறந்து, 1918-ல நம்ம மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபான்னு சின்னப் பயலுகளை வச்சு நாடகம் நடத்தி, 1922-ல புதுச்சேரியில கண்ணை மூடிட்டாரு. ஆளு போயி நூறு வருசம் தாண்டிருச்சு. இன்னைக்கும் பங்குனி, சித்திரையில மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமையில ஏதோ ஒரு மேடையில அவரு எழுதுன வள்ளி தினைப்புனம் காத்துக்கிட்டுத்தான் இருக்கா. எழுதுனவருக்கு நாம குடுத்தது ஒரு சிலை. சிலைக்குச் சம்பளம் வேணாம், பேட்டா வேணாம், ராத்திரி பன்னெண்டு மணிக்கு டீ கூட வேணாம். அதுனாலதான் கலைஞனைச் சிலையாப் பாக்குறதுல நமக்கு அம்புட்டுப் பிரியம்.

திருமங்கலத்து விஸ்வநாததாஸையும் சேத்துச் சொல்லு. முருகன் வேசத்துலயே வெள்ளைக்காரனை எதுத்துப் பாடி, மேடைக்கும் செயிலுக்குமா அலைஞ்ச மனுசன். 1940 டிசம்பர் 31, மெட்ராஸ்ல இதே வள்ளி திருமணம். மயில் மேல உக்காந்து பாடிக்கிட்டிருக்கயிலயே உசிரு போயிருச்சு. வறுமையிலதான் போனாரு. இப்ப திருமங்கலத்துல அவருக்கு நினைவு இல்லம் இருக்கு. உசிரோட இருக்கயில இல்லாமை, செத்தப்புறம் இல்லம். கணக்கு நேராகிப்போச்சுல்ல?

இந்த எடத்துக்கே காளவாசல்னு ஏன் பேரு? காளவாசல்னா சூளை. செங்கல்லும் சுண்ணாம்பும் வேகுற எடம். ஊரெல்லாம் மாடி வீடாச்சு. வேகவச்சவன் எந்தக் குடிசையில படுத்தான்னு எவன் கேட்டான்? அதே மாதிரி நீயும் கேக்காத.

ரெண்டாவது யோசனை. ‘சம்பளம் முன்னப்பின்ன இருந்தாலும் யூடியூப்ல போடுறோம்ணே, ஒலகமே பாக்கும்’னு சொல்லு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பபூன் ஒரு சிரிப்பை ஒரே நாள்ல செய்யிறதில்ல மாப்ள. பத்து மேடையில சொல்லிச் சொல்லி, எங்க நிறுத்துனா கெழவி சிரிப்பா, எங்க இழுத்தா எளவட்டம் விசிலடிக்கும்னு தேச்சுத் தேச்சு எடுக்கிறது. அந்தக் காலத்துல அதை மேலூர்ல சொல்லுவாரு, மறுநாள் சிங்கம்புணரியில சொல்லுவாரு, அதுக்கு மறுநாள் உசிலம்பட்டியில சொல்லுவாரு. ஊருக்கு ஊரு புதுச் சரக்கு. நல்ல சிரிப்பு நாலு இருந்தா ஒரு சீசனுக்குச் சோறு. இப்ப மேலூர்ல வாயைத் தொறந்தா விடியிறதுக்குள்ள உசிலம்பட்டிச் செல்போன்ல ஓடுது. மறுநாள் அவரு மேடையேறுனா, ‘யோவ், இதைப் பாத்தாச்சு, வேற சொல்லு’ன்னு நம்ம பயலுகளே கத்துறாய்ங்க. சரக்கு தீந்தது பபூனுக்கு, விளம்பரக் காசு வீடியோ போட்டவனுக்கு. ஒலகமே பாத்த பெருமை மட்டும் பபூனுக்கு. அதை மளிகைக் கடையில குடுத்தா அரைக்கிலோ துவரம்பருப்பு தருவாய்ங்களான்னு நீதான் விசாரிச்சுச் சொல்லணும்.

மூணாவது. எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சுப் பேசாத, தனித்தனியாப் பேசு. நம்ம பக்கத்து நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம்னுதான பேரு? கம்பெனி கெடையாது, முதலாளி கெடையாது, ஒத்திகை கெடையாது. ராஜபார்ட்டு ஒரு ஊரு, ஸ்திரீபார்ட்டு ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு, ஆர்மோனியம் ஒரு ஊரு, மிருதங்கம் இன்னொரு ஊரு. ஆளாளுக்குத் தனித்தனியாத் தேதி குடுத்து, அன்னைக்கு ராத்திரி நம்ம ஊரு கொட்டகையிலதான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. பாத்த கொஞ்ச நேரத்துல அவரு முருகன், இவுக வள்ளி. விடிய விடியத் தர்க்கம், பாட்டு, கல்யாணம், ஒரு பிசிறு தட்டாது. நீயும் ஒன் பொண்டாட்டியும் எட்டு வருசமா ஒத்திகை பாத்தும் இன்னும் சுருதி சேரல.

இதுல நமக்கு என்ன ஆதாயம்னா, ஒத்தைக் குச்சிய ஒடிக்கிறது சுளுவு. மிருதங்கத்துக்கிட்டப் போயி, ‘ராஜபார்ட்டே ஆயிரம் விட்டுக்குடுத்துட்டாரு, ஒனக்கென்னப்பா’ன்னு கேளு. ராஜபார்ட்டுகிட்டப் போயி, ‘மிருதங்கமே விட்டுக்குடுத்துட்டாரு’ன்னு சொல்லு. ரெண்டு பேரும் சந்திக்கிறது மேடையில. மேடையில சம்பளம் பேச முடியுமா? முருகன் வேலை வச்சுக்கிட்டு, ‘ஒனக்கு எம்புட்டுப்பா பேசுனாய்ங்க’ன்னு கேப்பாரா? இதுல ஒரே ஒரு எடைஞ்சல், அவுங்க சங்கம். நாலு பேரு ஒரே பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சா நம்ம பொய்யி வெளிய வந்துரும். அதுனால சங்கம்னாலே நமக்கு ஒரு எரிச்சல்.

நாலாவது. இதுதான் பிரம்மாஸ்திரம். காசை விடிஞ்சப்புறம் குடு. கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்னு சொல்லுவாகள்ல? கூலிக்காரன் மேற்க பாத்தா வேலை முடியும், வீட்டுக்குப் போகலாம். கூத்தாடி கிழக்க பாத்தா வேலை முடியும், நம்மகிட்ட மாட்டிக்கலாம். வெளிச்சம் வந்ததும் கமிட்டிக்கு ஞாபகசக்தி வந்துரும். ‘பாட்டுல ஒரு சரணம் விட்டுப்போச்சே’, ‘டான்ஸு சீக்கிரம் முடிஞ்சு போச்சே’ன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிப் புடிச்சுப்புடலாம்.

மைக்செட்டுக்காரன்கிட்ட இது நடக்காது. காசு வரலைன்னா ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி வண்டியில வச்சிருவான். பாடுனவன் எதைத் தூக்குவான்? பாட்டு ஏற்கனவே நம்ம காதுக்குள்ள போயிருச்சு. பாடுன பாட்டைத் திருப்பிப் புடுங்க முடியாது.

ஒருநாள் விடியக்காலம் அஞ்சரைக்கு இந்த ஸ்டாப்புக்கு வந்து பாரு. தேனி ரோட்டுப் பஸ்ஸுலேருந்து ஒரு புள்ள பொட்டியோட எறங்கும். மூஞ்சியைத் தேங்காயெண்ணெ தேச்சுத் தொடச்சிருக்கும், ஆனா காதுக்குப் பின்னாடி ரோஸ் பவுடரு ஒரு கோடு அப்பிடியே நிக்கும். ராத்திரி பூரா வள்ளியா நின்னு நாரதரோட தர்க்கம் பண்ணுன தொண்டை. டீக்கடையில சத்தம் வராது, வெரலைக் காட்டும். ஒரு டீ, ஒரு பன்னு. அப்புறம் செவுத்தைப் பாக்கத் திரும்பி நின்னு நோட்டை எண்ணும். எண்ணி முடிச்சிட்டு மறுபடியும் எண்ணும். ரெண்டாந்தடவை எண்ணுனா கூடுமாங்கிற ஆசைதான். பொட்டியில இருக்கிற பட்டுச்சேலை, கல்லு நகை, பவுடரு எல்லாம் அதோட சொந்தக் காசு. வள்ளி புருசனுக்கு மயிலு இருக்கு, வள்ளிக்கு டவுன் பஸ்ஸுதான்.

நீ ஏன் மாப்ள கீழ குனிஞ்சுக்கிட்ட? பருத்திப்பால் ஆறுது, குடி.

அஞ்சாவது யோசனை. அம்புட்டையும் மீறி எவனாவது ஞாயம் கேட்டா, ‘காசாசை புடிச்சவன்’னு ஊருக்குச் சொல்லிரு. இந்தத் தேனி ரோட்டுலயே போனா, அங்கிட்டு இருக்குதே பண்ணைப்புரம், அந்த ஊரு ராசாவையே நாம விட்டோமா? 2017-ல எஸ்.பி.பி.க்கும் சித்ராவுக்கும் இளையராஜா நோட்டீஸ் விட்டாரு, எம்பாட்டைக் கச்சேரியில பாடணும்னா எங்கிட்டக் கேளுங்கன்னு. ஊரே கொதிச்சுச்சு. ‘இம்புட்டுச் சம்பாதிச்சும் அடங்கலையே, அதுவும் சிநேகிதன்கிட்டயே’ன்னு இதே பெஞ்சுல உக்காந்து நானும்தான் வஞ்சேன். பக்கத்துல ஒருத்தன் என்னைவிடச் சத்தமா வஞ்சான். அவன் யாருன்னா, பங்காளி வரப்பை முக்கால் அடி தள்ளி வெட்டிட்டான்னு பதினோரு வருசமாக் கேஸு நடத்துறவன். வரப்பு முக்கால் அடின்னா உரிமை, பாட்டு ஆயிரமுன்னா காசாசை.

யாருக்கு எந்தப் பாட்டுல எம்புட்டுப் பாத்தியதைங்கிறதை கோர்ட்டு பாத்துக்கிறட்டும். ஆனா சட்டம் ஒண்ணு சொல்லுது. முந்தியெல்லாம் பாட்டு எழுதுறவரும் மெட்டுப் போடுறவரும் வறுமையில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா, அப்புறம் ரேடியோவுல போட்டாலும் டிவியில போட்டாலும் அவுகளுக்குச் சல்லிக்காசு கெடையாதுன்னு இருந்துச்சு. ஜாவேத் அக்தர்னு இந்திப் பாட்டுக்காரரு ராஜ்யசபாவுலயே ஏந்திரிச்சுப் பேசுனாரு. 2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்துனாங்க. தியேட்டர்ல படத்தோட ஓடுறது தவிர மத்த எடத்துல பாட்டு ஓடுனா வர்ற பங்கை, நீயே ‘வேணாம்’னு எழுதிக் குடுத்தாலும் செல்லாதுன்னு ஆக்கிட்டாங்க. இவன் எளகுன மனசுக்காரன், கேட்டா எழுதிக் குடுத்துருவான்னு சட்டத்துக்கே தெரிஞ்சிருக்கு பாரு.

அம்புட்டுதான் அஞ்சு யோசனை. என்ன முழிக்கிற? ‘இப்பிடியெல்லாம் பண்ணுனா அவுங்க ஸ்ட்ரைக் பண்ண மாட்டாங்களா மாமா’ன்னு கேக்க வர்ற. கேளு. கேக்கத்தான உக்காந்திருக்கேன்.

எம்.ஜி.ஆர். மொதத் தடவை முதலமைச்சரா இருந்த சமயம். இப்ப நீ இருக்கிற நாக்காலியில அப்ப நானு. பபூனுக்குப் பேசுனது நூத்தம்பது ரூவா. ராத்திரி பூரா ஊரு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. நான் சிரிச்சு சிரிச்சு வெத்தலை எச்சி பொரையேறி, முதுகுல நாலு தட்டுத் தட்டி உக்கார வச்சாய்ங்க. விடிஞ்சுது. எழுபத்தஞ்சை நீட்டுனேன். ‘சிரிப்பு பத்தலப்பா’ன்னேன். மனுசன் நோட்டை எண்ணக்கூட இல்ல. என் மூஞ்சியப் பாத்தாரு. ‘அப்ப சிரிச்சதுல பாதியைத் திருப்பிக் குடுத்துருங்கண்ணே, சரியாப்போகும்’னாரு. துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு, போயிட்டாரு. சண்டையில்ல, சாபமில்ல. எழுபத்தஞ்சு மிச்சம் புடிச்சேன்னு கமிட்டியில எனக்கு மாலை வேற போட்டாய்ங்க.

மறுவருசம் மாசியில, இப்ப நீ போற மாதிரியே அட்வான்ஸோட டவுனுக்குப் போனேன். நாடக ஏஜென்ட்டு காலண்டரை எடுத்துப் பொரட்டுனாரு. பங்குனிக் கடைசி வெள்ளி. நானும் எட்டிப் பாக்குறேன், கட்டம் வெள்ளை வெளேர்னு வெறுசா இருக்கு. ‘தேதி இல்லண்ணே’ன்னாரு. சரி, சனிக்கிழமை? அதுவும் வெறும் கட்டம். ‘தேதி இல்லண்ணே.’ அடுத்த ஏஜென்ட்டுகிட்டப் போனேன். டீ வாங்கிக் குடுத்தாரு, வீட்டுல எல்லாரும் சொகமான்னு கேட்டாரு, ஃபேனை என் பக்கம் திருப்பி விட்டாரு. ‘தேதி மட்டும் இல்லண்ணே.’ கொடி புடிக்கல, கோசம் போடல, நோட்டீஸ் அடிக்கல. மரியாதைன்னா அம்புட்டு மரியாதை.

மூணு பங்குனி மாப்ள! மூணு வருசம் நம்ம மேடையில திரை கட்டிப் படம் போட்டோம். ‘வள்ளிக்குக் கல்யாணம் ஆகாத ஊருல மழை எப்பிடிடா பெய்யும்’னு கெழவிக எல்லாம் என்னைப் பாத்தாலே வைய ஆரம்பிச்சாங்க. ஒங்கம்மா, என் ஒடம்பெறந்தவ, அவளும்தான் வஞ்சா. நாலாவது வருசம் தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, பாக்கி எழுபத்தஞ்சும் வச்சு, என் ரோசத்துக்கு மேல இன்னொரு எழுபத்தஞ்சும் வச்சு, அந்தப் பபூன் வீட்டு வாசல்ல போயி நின்னேன். வாங்கண்ணேன்னு திண்ணையில உக்கார வச்சாரு. ஒரு எழுபத்தஞ்சை எடுத்துக்கிட்டாரு. மத்ததை ஒத்தை வெரலால தட்டோட ஓரத்துக்குத் தள்ளிவிட்டாரு. ‘இது எதுக்குண்ணே? எனக்கு நிக்கிறது பாக்கி. தர்மம் இல்ல’ன்னாரு.

அந்த வருசம் நாடகம் நடந்துச்சு. மேடையேறி அவரு சொன்ன மொதச் சிரிப்பு என்னைப் பத்தி. என்ன சொன்னாருன்னு கேக்காத. ஒங்கத்தை இன்னும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறா.

ஸ்ட்ரைக்குன்னா அதுதான் மாப்ள. பாடுன பாட்டைத் திருப்பிப் புடுங்க முடியாது, அதுனால பாடுறதுக்கு முந்தியே வாயைப் பூட்டுறது. ஆம்ப்ளிஃபையர் இல்லாதவன்கிட்ட அந்த ஒரு பூட்டுதான் இருக்கு. அந்தப் பூட்டுக்கு வெலையும் அவன்தான் குடுக்கணும். சீசனே பங்குனியிலேருந்து ஆடி வரைக்கும்தான், அந்த அஞ்சு மாசச் சம்பாத்தியம்தான் வருசச் சோறு. 2020 பங்குனியில கொரோனா வந்து அம்புட்டுத் தேதியையும் அழிச்சப்ப, ராஜபார்ட்டு வீட்டுலயே அடுப்பு தடுமாறுச்சு. அப்பிடியாப்பட்டவன் வெறும் கட்டத்தைக் காட்டி ‘தேதி இல்ல’ங்கிறான்னா, அவன் வயித்தைக் காயப்போட்டுத்தான் சொல்றான்.

அமெரிக்காக்காரன் இதையே பெருசாப் பண்ணுனான். சினிமாவுக்கும் டிவிக்கும் எழுதுறவுக 2023 மே 2-ஆந் தேதி பேனாவை மூடுனாங்க, 148 நாளு தொறக்கல. சூலையில நடிகர்களும் சேந்துக்கிட்டாங்க, அவுங்க 118 நாளு. ரெண்டு கூட்டமும் ஒண்ணா நின்னது அதுக்கு முந்தி 1960-ல. அப்ப அங்க நடிகர் சங்கத் தலைவரு யாரு தெரியுமா? பின்னால ஜனாதிபதியான ரீகன்! ஸ்ட்ரைக் பண்ணுனா நாடு கெட்டுப்போகும்னு சொல்ற ஆளு யாராச்சும் வந்தா அவருகிட்ட அனுப்பு. 2023-ல என்ன வழக்கு? நம்ம பபூன் வழக்குதான். படத்தைச் செல்போன்ல ஆயிரந்தடவை ஓட்டுற, எழுதுனவனுக்கும் நடிச்சவனுக்கும் ஆயிரத்துல ஒரு பங்கு எங்கங்கிறது ஒண்ணு. எங்களுக்குப் பதிலா மெஷினை வச்சு எழுதாத, எங்க மூஞ்சியை மெஷினுக்குள்ள போட்டு நடிக்க வைக்காதங்கிறது ரெண்டு. கூட்டத்துல நிக்கிற துணை நடிகனுக்கு ஒருநாள் சம்பளத்தைக் குடுத்து அவன் உருவத்தையே எடுத்து வச்சுக்கப் பாக்குறாய்ங்கன்னு சங்கம் சொல்லுச்சு. இல்லவே இல்லன்னு கம்பெனிக சொல்லுச்சு. எது நெசமோ, கடைசியில பேசித் தீத்தாங்க. பேசவே மாட்டேன்னவுகளும் 148 நாள்ல பேசக் கத்துக்கிட்டாங்க.

கோடம்பாக்கத்துக் கதை இன்னும் ருசி. 2017 ஆகஸ்ட்ல பெப்சிங்கிற சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்து ஆளுக வேலைக்கு வரலைன்னதும், ‘தொழிலை அழிக்கிறாய்ங்க’ன்னு பேச்சு. அடுத்த வருசமே, தியேட்டர்ல டிஜிட்டல்ல படம் காட்டுற கம்பெனிக கேக்குற கட்டணம் கட்டுப்படியாகலைன்னு தயாரிப்பாளர்களே 2018 மார்ச் 1-லேருந்து புதுப்படம் விடல. ஒண்ணரை மாசம் தியேட்டர்ல புதுத் தமிழ்ப்படமே கெடையாது. அதுக்குப் பேரு ‘தொழிலைக் காப்பாத்துற போராட்டம்’. லைட் தூக்குறவன் கையைக் கட்டுனா அழிவு, முதலாளி கையைக் கட்டுனா காப்பு! அதே 2018-ல ‘சர்கார்’ படக் கதை என்னுதுன்னு வருண் ராஜேந்திரன்னு ஒரு உதவி இயக்குநரு வந்தாரு. பாக்யராஜ் தலைமையில இருந்த எழுத்தாளர் சங்கம் ரெண்டு கதையையும் பாத்துட்டு, ஒத்துப்போகுதுன்னு சொல்லுச்சு. கோர்ட்டு வரைக்கும் போயி, கடைசியில சமரசமாகி, படத்துல அவரு பேரைப் போட்டாங்க. ஒத்த ஆளாப் போயிருந்தா கேட்டு வாட்ச்மேனைத் தாண்டியிருப்பாரா?

அந்தா பஸ்ஸு வருது. ஏந்திரி. இரு, பேனா வச்சிருக்கயா? அந்தக் கடைசி வரியில ‘குறைச்சு’ங்கிறதை மட்டும் அடி. ‘பேசவும்’ அப்பிடியே இருக்கட்டும். பேசு, நல்லாப் பேசு. அவுங்களும் பேசுவாங்க. நம்ம கையில இருக்கிறது இம்புட்டுத்தான்னா இம்புட்டுத்தான்னு உண்மையைச் சொல்லு. பேசி முடிச்சதை மேடையேறுறதுக்கு முந்தியே கவர்ல போட்டுக் குடுத்துரு. வீடியோ எடுக்கணும்னா எடுக்கலாமான்னு மொதல்ல பபூன்கிட்டக் கேளு. பணம் இடிக்குதுன்னா ஃப்ளெக்ஸுல பத்துத் தலையைக் கொறை, மொதத் தலை என்னுதா இருக்கட்டும், தப்பில்ல.

ஏஜென்ட்டு காலண்டரை எடுத்தாருன்னா நீ கட்டத்தைப் பாக்காத, அவரு வாயைப் பாரு. நம்ம ஊரு பேரைச் சொன்னதும், ‘தேதி இருக்கு தம்பி’ன்னு உடனே வந்துச்சுன்னா, நான் கெடுத்த பேரு சரியாயிருச்சுன்னு அர்த்தம். ராத்திரி ஃபோன் போட்டுச் சொல்லு.

எங்க ஓடுற? ரெண்டு பருத்திப்பாலுக்கும் காசைக் குடுத்துட்டுப் போ. அஞ்சு யோசனைக்கு அதுதான் என் சம்பளம். குறைச்சுப் பேசாத.